திருகோணமலையா, காலியா, யாழ்ப்பாணமா? வன்னியிலிருந்து கடற்கரைக்கு வெளிக்கிடும் குடும்பங்களுக்கு

"லண்டனிலிருந்து அண்ணா குடும்பம் ஓகஸ்டில் வருகிறது. அம்மாவுக்கு முழங்கால் நோ. பிள்ளைகள் கடலில் குளிக்க வேண்டும் என்று நிற்கிறார்கள். அண்ணிக்குப் பழைய கோட்டை, பழைய தெரு பார்க்க ஆசை. எங்கே கூட்டிக்கொண்டு போவது?"

ஆள் மாறும், மாதம் மாறும், கேள்வி இதுதான். கிளிநொச்சி, வவுனியா, புதுக்குடியிருப்பு, மாங்குளம் என்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. குளிக்கக் கூடிய கடற்கரை, வரலாறு உள்ள பழைய நகர்ப்பகுதி, குடும்பத்தோடு தங்க ஒழுங்கான விடுதி ஆகிய மூன்றும் ஓரிடத்தில் வேண்டும் என்றால் பேச்சு திருகோணமலையில் தொடங்கி காலிக்குப் போய், "ஏன், யாழ்ப்பாணத்திலும் கோட்டை இருக்குத்தானே" என்று திரும்பி வரும். நடுவில் யாராவது நீர்கொழும்பு என்பார்கள். மன்னாருக்கும் கோட்டையும் கடலும் உண்டு. ஆனால் அது விடிய வெளிக்கிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேரக்கூடிய தூரம் என்பதால் இதில் சேர்க்கவில்லை.

படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்பதுதான் முதல் வேண்டுகோள். நிலாவெளிப் படமும் உனவட்டுனப் படமும் பன்னிரண்டு மாதமும் ஒரே நீலத்தில் இருக்கும். கடல் அப்படி இருக்காது.

## எதை வைத்து முடிவெடுப்பது

### மாதம்

கரையோரத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வயலோடும் குளத்தோடும் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மே நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கும். அந்த நாட்களில் காலி, உனவட்டுன, ஹிக்கடுவைப் பக்கம் கடல் கொந்தளிக்கும். மழையும் வந்து வந்து போகும். அதே நாட்களில் திருகோணமலைக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஒக்டோபர் கடைசியில் வாடை தொடங்கியதும் நிலைமை தலைகீழ். நவம்பர், டிசம்பர், ஜனவரியில் கிழக்குக் கரைக்கு மழையும் பெரிய அலையும் வரும். டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்குக் கரை அமைதி.

நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் சோளக காலத்தில் கொக்கிளாய், முல்லைத்தீவுக் கரைகளுக்கு வந்து வாடி (தற்காலிகக் குடில்) போட்டுத் தொழில் செய்வதற்கும் இதுதான் அடிப்படை. அதில் நம் மீனவர்களுக்குள்ள மனத்தாங்கல் பெரிய விசயம், இங்கே சுருக்கிச் சொல்ல முடியாது. கடல் எந்த மாதம் எந்தப் பக்கம் அடங்கும் என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மார்ச், ஏப்ரலில் இரண்டு கரையும் ஓரளவு அடங்கியிருக்கும். பின்னேரங்களில் இடிமழை வரலாம், அவ்வளவுதான். காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற காசு கையில் நிற்பதும், வயலில் வேலை குறைவதும் அந்த நேரம்தான். வெளிநாட்டு உறவுகளின் லீவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத விவசாயக் குடும்பங்களுக்கு அந்த இரண்டு மாதங்களைவிட நல்ல காலம் இல்லை.

நமக்கென்று வேறு நாட்காட்டியும் உண்டு. போரில் இறந்தவர்களை நினைக்கும் மே 18ஐ ஒட்டிய நாட்களில் வன்னியில் பல வீடுகளில் யாரும் உல்லாசத்துக்கு வெளிக்கிட மாட்டார்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வரும். டிசம்பர் 26 முல்லைத்தீவுக்காரருக்குச் சுனாமி நினைவு நாள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் திகதி குறித்து ரிக்கற் எடுத்துவிட்டு வந்தாலும், இங்குள்ள பெரியவர்களின் இந்த நாட்களைக் கேட்டு ஒதுக்கிவிட்டுத்தான் அறை போட வேண்டும்.

### வான் வண்டியில் மூத்தவர் யார்

அடுத்ததாக இதைப் பார்க்கச் சொல்வேன். வானில் ஏறுபவர்களில் மூத்தவரால் எத்தனை மணித்தியாலம் இருக்க முடியும், எத்தனை படி ஏற முடியும் என்பதுதான் பயணத்தின் எல்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்றைப் பலர் நினைப்பதே இல்லை. 2004இல் சுனாமிக்கு ஆட்களைப் பறிகொடுத்தவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். 2009இல் போரின் கடைசி நாட்களில் முல்லைத்தீவுக் கரையோரமாக நடந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். கடலைப் பார்த்த அறை என்று கூடுதல் காசு கொடுத்து எடுப்போம். அம்மா இரவு முழுக்க அலைச் சத்தத்தில் நித்திரை கொள்ளாமல் இருப்பார், பிள்ளைகளின் சந்தோசத்தைக் கெடுக்கக் கூடாது என்று வாயும் திறக்க மாட்டார். ஆகவே முன்கூட்டியே தனியாகக் கேளுங்கள். "கடலுக்குக் கிட்ட இருக்க உங்களுக்கு ஒண்டும் செய்யாதோ அம்மா?" என்ற ஒரு கேள்வி போதும். அவர் தயங்கினால் நகருக்குள் தங்குங்கள். பிள்ளைகளைப் பகலில் கடலுக்குக் கூட்டிப் போகலாம். அந்த வசதி எந்த நகரில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் கீழே சொல்கிறேன்.

### தூரமும் காசும்

வான்காரர் கிலோமீற்றருக்குத்தான் கணக்குப் பார்ப்பார். வவுனியாவிலிருந்து திருகோணமலை சுமார் 100 கிலோமீற்றர். போய்வந்து, அங்கே ஓடித் திரிந்தாலும் 300க்குள் அடங்கும். காலி சுமார் 370. போய்வர மட்டுமே 740, அங்கே ஓடுவது வேறு. கிளிநொச்சியிலிருந்து என்றால் இரண்டுக்கும் போக 75, வர 75 கூட்டிக்கொள்ளுங்கள். காலிப் பயணத்தின் வான் காசில் திருகோணமலையில் இன்னும் ஓர் இரவு தங்கிச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

## திருகோணமலை

வழி சுலபம். வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை ஊடாக இரண்டு மணித்தியாலம், இரண்டரை. வான் இல்லாதவர்கள் யாழ்ப்பாணம்–திருகோணமலை பஸ்ஸைக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மறிக்கலாம். ஹொரவப்பொத்தானைக்கு அப்பால் காடு. பொழுதுபட்டால் யானை றோட்டுக்கு வரும். போகும்போதும் திரும்பும்போதும் அந்தத் துண்டைப் பகலில் கடந்துவிடுங்கள்.

கடற்கரை என்று இங்கே சொல்வது ஒரே இடத்தை அல்ல. நகருக்குள்ளேயே கோட்டைக்குப் பக்கத்தில் டச்சுக்குடா இருக்கிறது. பின்னேரம் காற்று வாங்க, கடலை தின்ன, பிள்ளைகளை ஓடவிட நல்லது. வடக்கே நாலைந்து கிலோமீற்றரில் உப்புவெளி. விடுதிகள் நெருக்கமாக இருக்கின்றன, நடந்து போய்ச் சாப்பிடலாம், நகருக்கு ஓட்டோ சுலபமாகக் கிடைக்கும். இன்னும் பத்துக் கிலோமீற்றர் போனால் நிலாவெளி. மணல் அகலம், கூட்டம் குறைவு, புறாத்தீவுக்கு வள்ளம் எடுப்பதும் அங்கேதான். முழங்கால் நோவுள்ள அம்மாவோடு போகிறவர்களுக்கு உப்புவெளியைச் சொல்வேன். கடலுக்குக் கிட்ட இருக்க விரும்பாதவர்கள் நகருக்குள் தங்கினால், பிள்ளைகளைக் கடலுக்குக் கொண்டுபோக ஓட்டோவில் சில நிமிடங்கள் போதும். மூன்று நகரங்களிலும் இந்த வசதி இங்கேதான் கூட.

சோளக காலத்தில் இங்கே கடல் அமைதியாக இருப்பதற்குக் காரணம் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பது. அதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. காற்றடைத்த மிதவை வளையம், ரியூப் எதிலாவது பிள்ளை ஏறி இருந்தால், காற்று அதை மெதுவாக, அலையில்லாமல், சத்தமில்லாமல் வெளிக்கடலுக்குக் கொண்டு போகும். கரையில் நிற்பவருக்கு அது தெரிய நேரம் எடுக்கும். நீந்தத் தெரியாத பிள்ளைகள்தான் நம்மில் அதிகம். மிதவைகளை வீட்டில் விட்டுவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில், பெரியவர் ஒருவர் கடல் பக்கமாக நிற்கக் குளிக்க விடுங்கள்.

புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பெரிய புறாத்தீவு, சின்னப் புறாத்தீவு என்று இரண்டு. நிலாவெளியிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவு தூரம். முருகைக்கற்களுக்கிடையே மீன் கூட்டமும், ஆளுக்குத் தீங்கு செய்யாத சின்னச் சுறாக்களும் பார்க்கலாம். செலவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. நுழைவுச்சீட்டு, வள்ளக் கூலி, கண்ணாடியும் மூச்சுக்குழாயும் வாடகை என்று தனித்தனியாக வரும். லண்டன் அண்ணா வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு போனால் அவருக்கும் பிள்ளைகளுக்கும் வெளிநாட்டவர் கட்டணம்; நமது கட்டணத்தோடு ஒப்பிட முடியாத அளவு கூட. இலங்கை அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் அதைக் கையில் கொண்டு போக வேண்டும். விடிய முதல் வள்ளத்தில் போனால் தண்ணீரும் தெளிவு, கூட்டமும் இல்லை. முருகைக்கல்லில் கால் வைக்காதீர்கள்: காலும் வெட்டும், கல்லும் சாகும்.

பழைய பகுதி என்று தேடி வருபவர்கள் இங்கே கொஞ்சம் ஏமாறக்கூடும். காலியைப் போல மதிலுக்குள் சனம் குடியிருக்கும் ஒரு பழைய ஊர் திருகோணமலையில் இல்லை. பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. சோதனையைக் கடந்து, மான்கள் மேயும் ஏற்றத்தில் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழிதான் நமக்குத் திறந்தது. ஆனால் அந்த வழியில் இருக்கும் வரலாறு நம்முடையது, அதுவும் வலிக்கிற வரலாறு. சம்பந்தர் தேவாரத்தில் பாடிய கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை வாசலில் இரட்டைக் கயல் சின்னமும் தமிழ்க் கல்வெட்டும் பொறித்த கல்லை இன்றும் காணலாம். பலர் வானை நிறுத்தாமல் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். நிறுத்துங்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இப்போதுள்ள கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. 1950களில் பாறையடிக் கடலில் பழைய கோயிலின் சிதைவுகள் கண்டெடுக்கப்பட்ட கதையையும் சொல்லிக்கொண்டு நடந்தால், லண்டன் பிள்ளைகளுக்கும் அந்த மலை வெறும் காட்சி இடமாக இருக்காது. பத்து மணிக்கு முன் போங்கள். செருப்பில்லாத காலுக்கு அதற்குப் பிறகு கல் சுடும். ஏற முடியாதவர்கள் ஓட்டோ பிடிக்கலாம்.

கன்னியா வெந்நீரூற்று நகரிலிருந்து கிட்ட. ஏழு சின்னக் கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. குளிக்கும் சுகத்துக்குப் போகிறவர்களைவிட இறந்தவர்களை நினைத்துப் போகிறவர்களுக்கு அது முக்கியமான இடம். இராவணன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்ற நம்பிக்கை அதற்கு உண்டு.

சாப்பாடும் மொழியும் இங்கே பிரச்சினை இல்லை. சைவக் கடை உண்டு, நண்டும் உண்டு, தமிழில் கதைத்து விலை கேட்கலாம். கூட்டம்தான் கவனிக்க வேண்டியது. வெசாக், பொசன் போயாக்களை ஒட்டிய நீண்ட வார இறுதிகளிலும் ஓகஸ்டிலும் தெற்கிலிருந்து வான் வானாகச் சனம் வரும். அறை விலை அந்த நாட்களில் ஏறிவிடும். செவ்வாய், புதனில் போக முடிந்தால் போங்கள்.

## காலி

காலிக் கோட்டைக்கு நிகரான பழைய நகர்ப்பகுதி இலங்கையில் வேறு இல்லை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 1588இல் போர்த்துக்கேயர் தொடங்கியது, 1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பெருப்பித்தது, 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மதிலுக்குள் நீதிமன்றம், பள்ளிவாசல், 1755இன் ஒல்லாந்தத் தேவாலயம், வெளிச்சவீடு, வீடுகள், கடைகள். சனம் இன்னும் உள்ளே வாழ்கிறது. மதில் மேல் ஒரு சுற்று மெதுவாக நடந்தால் ஒன்றரை மணித்தியாலம். ஒரு பக்கம் இந்தியப் பெருங்கடல், மற்றப் பக்கம் ஓட்டுக் கூரைகள். 2004இல் கடல் வந்தபோது வெளியே பஸ் நிலையமும் கிரிக்கெற் மைதானமும் அழிய, உள்ளே இருந்த ஊரை இந்த மதில்தான் பெருமளவு காப்பாற்றியது. மதிலில் நின்று அந்த மைதானத்தைப் பார்க்கும் முல்லைத்தீவு ஆள் எவருக்கும் நம் கரைக்கு அப்படியொரு மதில் இல்லாமல் போனது நினைவுக்கு வரும்.

தமிழருக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1911இல் காலியில் ஒரு கல்வெட்டுக் கிடைத்தது. சீனக் கடற்தளபதி செங் ஹேயின் பயணத்தோடு வந்த, 1409ஆம் ஆண்டுக் கல். சீனம், பாரசீகம், தமிழ் மூன்றிலும் எழுதியது. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார் கோயிலுக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. அந்தக் கோயில் மாத்தறைக்கு அப்பால் இன்று தெவிநுவர எனப்படும் ஊரில் இருந்தது, 1588இல் போர்த்துக்கேயரால் அழிந்தது. கல் இப்போது கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. காலிக்குப் போகும் குடும்பம் கொழும்பில் இரண்டு மணித்தியாலம் ஒதுக்கி அதைப் பார்த்துவிட்டுப் போனால், தெற்குக் கரையில் நமக்கும் ஒரு பழைய காலடி இருக்கிறது என்பது பிள்ளைகளுக்கு விளங்கும்.

கடலைப் பொறுத்தவரை கோட்டையடியில் குளிக்க முடியாது, பாறை. ஐந்தாறு கிலோமீற்றர் தள்ளி உனவட்டுன. குடா வளைந்து இருப்பதாலும் முன்னே கல் இருப்பதாலும் டிசம்பர் முதல் மார்ச் வரை பிள்ளைகள் குளிக்க நல்ல இடம். ஆனால் மணற்கரை ஒடுக்கம், கடைகள் தண்ணீர் வரை வந்து நிற்கும், சத்தமும் கூட. ஹிக்கடுவை வடக்கே இருபது கிலோமீற்றர் அளவில். ஜூன், ஜூலையில் யாராவது "காலிக்கே போவோம்" என்றால் நான் மறிப்பேன். கோட்டையை மழைக்குள் குடையோடு பார்க்கலாம். கடலில் இறங்க முடியாது, அலைச்சலுக்குப் பலன் பாதிதான்.

அலைச்சல் என்பதுதான் காலியின் பெரிய விலை. வவுனியாவிலிருந்து வானில் எட்டு, ஒன்பது மணித்தியாலம். இரவு றெயினிலோ பஸ்ஸிலோ கொழும்புக்குப் போய், அங்கிருந்து கரையோர றெயினில் காலிக்குப் போவது வயதானவர்களுக்கு வானைவிடச் சுகம். காலை நீட்டலாம், மலசலகூடம் இருக்கும். கொழும்பு கோட்டையில் ஏறி வலப்பக்கம் இருந்தால் கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம். அவசரம் என்றால் கொழும்புக்கு வெளியே மாக்கும்புரவிலிருந்து அதிவேகப் பாதை பஸ். றெயின் நேரங்கள் மாறிக்கொண்டிருப்பவை, ஸ்ரேசனில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

ஓரிரவுக்காகக் காலிக்குப் போகாதீர்கள். போன களை ஆற ஒரு நாள் வேண்டும். இரண்டு இரவு அங்கே, போகும் வழியிலும் வரும் வழியிலும் கொழும்பில் உறவினர் வீட்டில் ஒவ்வோர் இரவு என்று ஐந்து நாள் ஒதுக்க முடிந்தவர்களுக்குத்தான் காலி. ஒதுக்க முடிந்தால், தயங்காமல் போங்கள்.

ஒளிந்திருக்கும் செலவு இங்கே கூட. கோட்டைக்குள் நடப்பதற்குக் காசில்லை, இருந்து தேத்தண்ணி குடிக்கத்தான் காசு. அறை விலைகளைப் பெரும்பாலும் டொலரில் சொல்வார்கள். இலக்கிய விழா நடக்கும் ஆண்டுகளில் அந்த வாரம் அறையே கிடைக்காது. எட்டுப் பேர் உள்ள குடும்பம் கோட்டைக்கு வெளியே காலி நகரில் தங்கி, சாப்பாட்டையும் பஸ் நிலையப் பக்கத்துக் கடைகளில் பார்த்துக்கொண்டால் செலவு பெரிதும் குறையும். கடல் ஒத்துவராத அம்மாவுக்கும் அந்த நகர்ப்பக்கம்தான் தோது. கோட்டைக்குள் எங்கே தங்கினாலும் அலைச்சத்தம் எட்டும். வான் வைத்திருந்தால் சாரதிக்கு அறையும் சாப்பாடும் சேரும்.

வெள்ளிக்கிழமை விரதம், முழுச் சைவம் என்று இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தெற்கில் மரக்கறியிலும் சம்பலிலும் மாசிக் கருவாடு போடுவது வழக்கம். பருப்பு என்று கேட்டு வாங்கினாலும் அதில் மாசி இருக்கலாம். "உம்பலகட நெத்துவ" என்று கேளுங்கள்; சிங்களம் தெரியாவிட்டாலும் அந்த இரண்டு சொல் போதும். கோட்டைக்குள் வாழும் முஸ்லிம் குடும்பங்களில் தமிழ் கதைப்பவர்களும் இருக்கிறார்கள். வழி கேட்கவும் விலை கேட்கவும் அது உதவும். மற்றபடி சிங்களம் கொஞ்சம் தெரிந்த ஒருவர் வானில் இருப்பது நல்லது.

## யாழ்ப்பாணம்

கிளிநொச்சிக்காரருக்கு இது ஒன்றரை மணித்தியாலம். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயரின் கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் எடுத்து ஐங்கோணமாகத் திருப்பிக் கட்டினார்கள். போரில் சிதைந்து, பகுதி பகுதியாகத் திருத்தப்பட்டிருக்கிறது. உள்ளே வெட்டவெளியும் இடிபாடும்தான். மதிலில் பொழுதுபடும்போது நடந்து, பக்கத்தில் நூலகத்தையும் பார்த்தால் அந்தப் பகுதி முடிந்துவிடும். தெருத்தெருவாக நடந்து பார்க்கும் பழைய நகர் வேண்டும் என்பவருக்கு இது போதாது.

கசூரினா காரைநகரில், நகரிலிருந்து இருபது கிலோமீற்றருக்கு மேல். தண்ணீர் வெகுதூரம் முழங்கால் அளவுதான். சின்னப் பிள்ளைகளுக்கு மூன்று நகரங்களின் கரைகளிலும் இதுவே பயமில்லாதது என்பேன். நீந்தத் தெரிந்த பதினாறு வயதுக்காரருக்கு அரை மணித்தியாலத்தில் அலுத்துவிடும். கீரிமலை, நயினாதீவு, நல்லூர் எல்லாம் சேர்த்தால் மூன்று நாளும் போதாது. அதனால் கடல் பின்னுக்குப் போய்விடும். கோயிலும் தீவும் முன்னுக்கு வரும். அதுதான் வேண்டும் என்றால் யாழ்ப்பாணமே சரி.

இங்கே செலவு வேறு வடிவில் வரும். யாழ்ப்பாணத்தில் உறவினர் இல்லாத வன்னிக் குடும்பம் குறைவு. வெளிநாட்டு அண்ணா வந்திருக்கிறார் என்று தெரிந்தால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நேரச் சாப்பாடு. வெறுங்கையோடு போக முடியாது, போகாமல் விடவும் முடியாது. மனத்துக்கு நிறைவான செலவுதான், ஆனால் நாளும் காசும் அதில் போகும் என்று தெரிந்து திட்டமிடுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் அறை கிடைப்பது கடினம், விலையும் கூட. வவுனியாப் பக்கத்தில் உள்ளவர்கள் அந்த நாட்களில் காலை றெயினில் போய் மாலையில் திரும்புவது நல்லது. முறிகண்டியில் இறங்கிக் கச்சான் வாங்க வேண்டும் என்பவர்கள் பஸ்ஸில்தான் போக வேண்டும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | திருகோணமலை | காலி | யாழ்ப்பாணம் |
|---|---|---|---|
| கடல் நல்ல காலம் | மே–செப்டெம்பர் | டிசம்பர்–மார்ச் | வாடை மழை நாட்கள் தவிர |
| வவுனியாவிலிருந்து | சுமார் 100 கி.மீ. | சுமார் 370 கி.மீ. | சுமார் 140 கி.மீ. |
| குறைந்தது எத்தனை இரவு | 2 | வழியோடு சேர்த்து 4 | 1, இல்லாவிட்டால் ஒரு பகல் |
| பழைய பகுதி | கோயிலும் கோட்டையும். பழைய தெருக்கள் குறைவு | முழு ஊரே பழையது | கோட்டை மட்டும் |
| முழங்கால் நோவுள்ளவருக்கு | சரி, ஓட்டோவோடு | பயணம் கடினம், போய்ச் சேர்ந்தபின் சமதரை | சுலபம் |
| கவனிக்காமல் போகும் செலவு | வள்ளம், வெளிநாட்டவர் கட்டணம் | வான் தூரம், டொலர் விலை | உறவினர் வீடுகள் |

மேலே கேட்ட லண்டன் அண்ணா குடும்பத்துக்கு என் பதில்: ஓகஸ்ட் என்றால் திருகோணமலை, உப்புவெளியில் மூன்று இரவு. அண்ணிக்குக் காலி பார்க்க வேண்டும் என்றால், போகும்போது அண்ணாவும் அண்ணியும் மட்டும் விமானத்துக்கு இரண்டு நாள் முன்பு தெற்கே போய்க் கோட்டையைப் பார்க்கட்டும். அம்மாவை அதற்குள் இழுக்க வேண்டாம். டிசம்பர்க் கடைசியில் வருகிறார்கள் என்றால் பதில் மாறும்: 27ஆம் திகதிக்குப் பிறகு வெளிக்கிட்டுக் காலி. ஒரே பயணத்தில் இரண்டு கரையையும் பார்த்துவிடலாம் என்று ஆறு நாளில் திருகோணமலை, கண்டி, காலி, கொழும்பு என்று சுற்றுபவர்கள் வானுக்குள் இருந்த நேரம்தான் கடலில் இருந்ததைவிடக் கூட.

## நீர்கொழும்பு எப்போது

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் பக்கம் என்பதே அதன் பலம். அதிகாலை விமானம், நள்ளிரவில் வந்து இறங்கும் விமானம் என்றால் அங்கே ஓரிரவு தங்குவது அறிவுள்ள செயல். 1678 என்று பொறித்த ஒல்லாந்தக் கோட்டை வாசலும், ஒல்லாந்தக் கால்வாயும், விடிய மீன் ஏலம் போகும் சந்தையும் ஒரு காலைப் பொழுதுக்குப் போதும். கோட்டைக்குள் சிறைச்சாலை இருப்பதால் வாசலோடு திரும்ப வேண்டும். தண்ணீர் திருகோணமலையைப் போலத் தெளிவில்லை. கடலுக்காக மட்டும் வன்னியிலிருந்து அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

## அறை போடும்போது

இணையத்தில் பார்க்கும் விலைக்கு மேல் 10 வீதச் சேவைக் கட்டணமும் 18 வீத வற் (VAT) வரியும் சேரலாம். "எல்லாம் சேர்த்து எவ்வளவு" என்று தொலைபேசியில் கேளுங்கள். அடையாள அட்டை உள்ளவர் பெயரில், நேரடியாகக் கேட்டால் பல இடங்களில் உள்ளூர் விலை கிடைக்கும். கீழ்மாடி அறை இருக்கிறதா, மலசலகூடம் இருந்து எழும்பக் கூடியதா, விடியச் சாப்பாடு சேர்த்தா, மின்சாரம் நின்றால் ஜெனரேற்றர் உண்டா என்பவை அம்மாவுக்காகக் கேட்க வேண்டியவை.

சாரதிக்குப் படுக்க இடம் இருக்கிறதா என்பதையும் கட்டாயம் கேளுங்கள். பல விடுதிகளில் இருக்காது. அவர் வானுக்குள்ளேயே, வெக்கையிலும் நுளம்புக்கடியிலும் கிடந்துவிட்டு விடிய எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஓட வேண்டி வரும். ஏ9 வீதியில் நித்திரைத் தூக்கத்தில் நடந்த விபத்துகளைக் கேள்விப்படாதவர் நம்மில் இல்லை. ஓர் அறைக் காசை மிச்சம் பிடிக்க இரவோடு இரவாகத் திரும்புவோம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். சாரதி நித்திரை கொள்ளட்டும், விடிந்த பிறகு வெளிக்கிடுங்கள்.